கம்பெனிக்காரனுக்குக் கொடுத்தாலும் அது லஞ்சம்தான்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணக்கு எழுதுவது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறி, புல் வெட்டுவது, கூட்டித் துடைப்பது என்று சின்னக் குத்தகை எடுத்தவர்கள். போன வாரம் ஒரு தம்பி கொண்டுவந்த கணக்குப் புத்தகத்தில் மாதா மாதம் ஒரே வரி: ‘காப்பிக் காசு 600 வெள்ளி’. ரசீது இல்லை.

“யாருக்குப்பா இது?”

“சூப்பர்வைசருக்குண்ணே. அவரு கவர்மெண்டு ஆளு இல்லையே, கம்பெனி ஆளு. இது கமிஷன்.”

இந்த வருடம் இதே பதிலைக் கேட்பது நாலாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், சம்பளம் கவர்மெண்டு கொடுக்கிறதா கம்பெனி கொடுக்கிறதா என்று பார்ப்பதில்லை. இன்னொருவருக்காக வேலை செய்கிறவர், அந்த வேலையை வைத்துக் காசு வாங்கினால் குற்றம். கொடுத்தவரும் குற்றவாளி. 20 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது லஞ்சத்தைப் போல ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. உங்கள் தொழிலைச் செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் கம்பெனியாகப் பதிந்திருந்தால் இன்னும் மோசம்: 2020 ஜூன் 1 முதல் கம்பெனியின் மேலேயே வழக்குப் போடலாம்.

“எல்லாத்தையும் பிரைவெட்டுக்குக் கொடுத்தா லஞ்சம் ஒழிஞ்சிடும்” என்று காப்பிக் கடையில் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1983இலிருந்து கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. போன் நல்ல உதாரணம்தான். ஒரு காலத்தில் லைனுக்காகக் காத்துக் கிடந்தோம். இன்று சிம் கார்டுக்காக எவன் கையையும் நனைக்க வேண்டியதில்லை. ஏன்? ஒருவன் இழுத்தடித்தால் பக்கத்துக் கடையில் வேறு கம்பெனி சிம் கிடைக்கிறது. புல் வெட்டும் குத்தகை அப்படியா? ஒரு வட்டாரத்துக்கு ஒரே கம்பெனி. அதன் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாகும். கவர்மெண்டு ஆபீஸிலிருந்த அதே மேசை கம்பெனி ஆபீஸுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கவர்மெண்டு எதையும் விற்கும்போதும் வாங்கும்போதும் திறந்த டெண்டர் உண்டா, கணக்கு வெளியே வருமா என்று கேளுங்கள். மாஸ் விமான நிறுவனத்தின் 32 விழுக்காடு 1994இல் தனியாருக்குப் போனது, பங்கு 8 வெள்ளிக்கு. 2000ஆம் ஆண்டின் கடைசியில் கவர்மெண்டு அதே 8 வெள்ளிக்குத் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டபோது சந்தையில் அதில் பாதி விலைகூட இல்லை. வித்தியாசம் மக்கள் பணம்.

தம்பி, தங்கச்சிமார்களே, காசு கேட்டால் கொடுப்பதற்கு முன்னாலேயே ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்.பி.ஆர்.எம்.மிடம் சொல்லுங்கள்: 1800-88-6000. அவர் காசு கேட்டதை மறைப்பதும் குற்றம். முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்; தகவல் சொல்பவருக்கான 2010 சட்டத்தின் பாதுகாப்பு, அமலாக்க அதிகாரிகளிடம் சொன்னவருக்குத்தான். கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பாதுகாப்பும் பறிபோகலாம். ‘இதர செலவு’ என்று மாற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள். எழுத மாட்டேன்.

அந்தத் தம்பியின் புத்தகத்தில் இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். வெயிலில் புல் வாரும் மூன்று அக்காமாரின் பெயர்கள். எதிரே சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி, சேமநிதிக் கட்டங்கள் எட்டு மாதமாகக் காலி. “கட்டக் காசு இல்லண்ணே” என்றார்.