ஹஜ்ஜுப் பெருநாள்: சொல்லும் பொருளும்

துல்ஹஜ் மாதத்துப் பிறை பத்தில் வரும் பெருநாளைக் கொழும்பு முஸ்லிம்கள் ‘ஹஜ்ஜுப் பெருநாள்’ என்பார்கள். அரபியில் அதன் பெயர் ‘ஈதுல் அழ்ஹா’. தமிழ்நாட்டு நாட்காட்டிகளில் அது ‘பக்ரீத்’. பத்திரிகைச் சிறப்பிதழ்களிலும் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளிலும் ‘தியாகத் திருநாள்’. ஒரே நாளுக்கு வழங்கும் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு அல்ல. ஒவ்வொன்றும் அந்த நாளின் ஒவ்வொரு கூற்றைப் பற்றிக்கொண்டு பிறந்தவை. ஆகவே எது சரியான தமிழ் என்று கேட்பதற்கு முன்னர், எந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் ‘ஈத்’. திரும்ப வருதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து இது வந்தது என்பது அரபு அகராதிக்காரர்களின் விளக்கம்: ஆண்டுதோறும் மீண்டு வருவதால் ஈத். குர்ஆனில் இச்சொல் ஒரேயோரிடத்தில், ஐந்தாம் அத்தியாயத்தின் 114ஆம் வசனத்தில், ஈஸா நபி (இயேசு) வானிலிருந்து உணவுத்தட்டு கேட்டு வேண்டும் இடத்தில் வருகிறது. இதற்குத் தமிழ் முஸ்லிம்கள் கொண்ட சொல் ‘பெருநாள்’. ‘திருநாள்’ அவர்களுக்குத் தெரியாத சொல்லன்று. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளிலேயே அது விழாவைக் குறித்து நிற்கிறது. இருந்தும் பேச்சிலே நிலைத்தது பெருநாள்தான். மலையாள முஸ்லிம்களும் சிறிய பெருநாள், பெரிய பெருநாள் என்றே தங்கள் மொழியில் நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் பிரித்துச் சொல்கிறார்கள். பழந்தமிழில் ‘நாள்’ என்பது விண்மீனையும் குறித்தது. கோயில் விழாக்கள் இன்றும் திருவாதிரை, பூசம் என நாள்மீனைக் கொண்டே குறிக்கப்படுகின்றன. முஸ்லிம்களின் பெருநாளோ பிறையைக் கொண்டு வருவது. மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பின்னர் புதிய சோனகத் தெருவிலுள்ள கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடித் தலைப்பிறை பற்றித் தீர்மானிப்பதும், அந்த அறிவிப்புக்காக வீடுகளில் வானொலியின் முஸ்லிம் சேவையைத் திறந்து வைத்திருப்பதும் இந்த நகரத்து வழக்கம். மாதத்தின் தேதியையே ‘பிறை ஒன்பது’, ‘பிறை பத்து’ என்று எண்ணுவதும் இதனாலேயே.

பெருநாள் என்னும் சொல் எத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு அதன் கூட்டுச்சொற்களே சான்று. பெருநாள் தொழுகை, பெருநாள் உடுப்பு, சிறுவர்களின் கையில் வைக்கும் பெருநாள் காசு என்றுதான் கொழும்பில் சொல்வார்கள். இவற்றில் ‘ஈத்’ என்று மாற்றிப் பாருங்கள். கடை விளம்பரத்தின் ஓசை வந்துவிடும். ‘ஈத் முபாரக்’ என்ற வாழ்த்தில் மட்டும் அந்தச் சொல் தன் இடத்தில் இயல்பாக இருக்கிறது.

அடுத்தது ‘ஹஜ்’. நாடிச் செல்லுதல், ஒன்றைக் கருதிப் புறப்படுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். சமய வழக்கில் மக்காவுக்குச் செல்லும் கடமையான பயணத்தைக் குறிக்கும். பிறை ஒன்பதில் ஹாஜிகள், அதாவது அந்தப் பயணம் சென்றவர்கள், மக்காவுக்கு அருகிலுள்ள அரஃபா வெளியில் தங்குவார்கள். ஹஜ்ஜுக்குப் போகாதவர்கள் ஊரிலிருந்து அன்று நோன்பு நோற்பார்கள். மறுநாள் பெருநாள். இங்கே ஒரு விந்தை உண்டு. அந்தக் காலையில் ஹாஜிகள் மக்காவை அடுத்த மினாவில் ஹஜ்ஜின் கிரியையாகத் தூண்கள்மீது கல்லெறிந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பெருநாள் தொழுகை கிடையாது. கொழும்பின் காலி முகத்திடலில் பாய் விரித்து, முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) ஏழும் இரண்டாவதில் ஐந்துமாகத் தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’) சொல்லித் தொழுபவர்கள் அந்த ஆண்டு ஹஜ்ஜுக்குப் போகாதவர்கள். ஆக, ஹஜ்ஜுப் பெருநாள் என்பது ஹாஜிகளின் பெருநாள் என்பதைவிட, ஹஜ் நடக்கும் நாளில் மற்றவர்கள் கொண்டாடும் பெருநாள் என்றே விரித்துப் பொருள் கொள்ளத்தக்கது.

இந்தப் பெயருக்கு அயல்மொழி ஒன்றில் இரட்டைப் பிறவி இருக்கிறது. மலாய் மொழியில் இதே நாள் ‘ஹரி ராயா ஹாஜி’. ‘ஹரி’ என்றால் நாள், ‘ராயா’ என்றால் பெரிய. சொல்லுக்குச் சொல் ஹஜ்ஜுப் பெருநாளேதான். கொழும்பின் கொம்பனித் தெருவில் மலாய் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக அயலவர்களாக வாழ்வதை நினைக்கையில் இந்த ஒற்றுமை மகிழ்ச்சி தருகிறது. ஆனால் யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று கதை கட்டுவதற்கு அது போதாது.

‘அழ்ஹா’ என்பது அறுத்துக் கொடுக்கப்படும் பிராணியைக் குறிக்கும் சொல்லின் பன்மை, ஒருமையில் ‘அழ்ஹாத்’; அதே பொருளில் பரவலாக வழங்கும் சொல் ‘உழ்ஹிய்யா’. முற்பகலைக் குறிக்கும் ‘ழுஹா’ என்பதும் இதே வேரைச் சேர்ந்தது. பெருநாள் தொழுகையின் பின், சூரியன் ஏறிவரும் அந்த வேளையில் அறுப்பதனால் இப்பெயர் வந்தது என்பார்கள். இதில் வரும் ‘ளாத்’ என்ற அரபு எழுத்துக்கு இலங்கையில் ‘ழ’ எழுதுவது நெடுநாள் மரபு. ரமழான், பர்ழு, கழா என்பவற்றில் வருவதும் அதுவே. தமிழ்நாட்டில் ரமலான் என்றும், உருது ஒலிப்பைப் பின்பற்றி ரம்ஜான் என்றும் எழுதுவார்கள்.

‘பக்ரீத்’தும் அந்த உருது வழியாக வந்ததுதான். அதன் முற்பகுதி அரபியில் மாட்டைக் குறிக்கும் ‘பகர்’ என்பார் சிலர். ஆட்டைக் குறிக்கும் ‘பக்ரா’ என்பார் சிலர். எதுவாக இருந்தாலும் பிராணியின் பெயரால் பெருநாளை அழைப்பது கொழும்பில் வேர்விடவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்து இங்குள்ள பிற சமயத்தவர்களும் ‘பக்ரீத் வாழ்த்துகள்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அன்போடு சொல்வதைப் பிழை என்று தள்ளவேண்டியதில்லை. ஆனால் கையருகே ஹஜ்ஜுப் பெருநாள் இருக்கையில் அதைக் கடல் கடந்து கொண்டுவரத் தேவையுமில்லை.

‘தியாகத் திருநாள்’ இன்னொரு வகை. இப்ராஹீம் நபி தம் மகனை அறுப்பதாகக் கனவு கண்டதும், மகன் இசைந்ததும், இறைவன் அந்த மகனுக்கு ஈடாக வேறொரு பலியைத் தந்ததும் குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் சொல்லப்படுகின்றன. அந்த இசைவைத்தான் தியாகம் என்கிறோம். பொருத்தமான பெயர்தான், ஆனால் எழுத்துக்குரியது. வீட்டில் யாரும் ‘தியாகத் திருநாளுக்கு உடுப்பு வாங்கிவிட்டீர்களா’ என்று கேட்பதில்லை. தனித்தமிழாக ‘ஈகத் திருநாள்’ என்று எழுதினால் வேறொரு குழப்பம் வரும். ‘ஈகைத் திருநாள்’ என்னும் பெயர், ஏழைகளுக்குப் பித்ரா என்னும் தருமம் கொடுக்கும் நோன்புப் பெருநாளுக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது.

மேலே கதையைச் சொல்லும்போது ‘பலி’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியவில்லை. வழிபாட்டின் பெயராக அதை வைப்பதுதான் இடறல். தமிழில் பலி என்பது தெய்வத்துக்கு இடும் படையல். உண்ணும் தெய்வம் ஒன்றை அது உடன் கொண்டுவருகிறது. பத்திரிகையிலோ அது ‘விபத்தில் மூவர் பலி’ என்று வேறு திசைக்குப் போய்விட்டது. குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 37ஆம் வசனமோ, அவற்றின் இறைச்சியும் இரத்தமும் இறைவனை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது என்கிறது. மக்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘குர்பான்’. நெருக்கம் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்தது. ஆதமின் இரு மக்கள் கொடுத்த காணிக்கைக்கும் குர்ஆன் இச்சொல்லையே ஆள்கிறது. அண்மைக்காலத்தில் ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) உரைகளாலும் பள்ளிவாசல் அறிவித்தல்களாலும் ‘உழ்ஹிய்யா’ பரவலாகிவிட்டது, ஆனால் வயதானவர்கள் இன்னும் குர்பானை விடவில்லை.

இரண்டில் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் வரும் வினை ஒன்றுதான்: கொடுத்தல். ‘இந்த முறை குர்பான் கொடுக்கிறீர்களா?’ என்றே கேட்பார்கள். அறுத்தல் என்பது கைவேலையின் பெயர். கொடுத்தல் என்பது வணக்கத்தின் பெயர். ஆடு ஒருவருக்கு, மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். ஒரு பங்கை வீட்டுக்கும், ஒன்றை உறவினர் அயலவருக்கும், ஒன்றை ஏழைகளுக்கும் என்று பிரிப்பது விரும்பத்தக்கது. ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்ட மரபின்படி ஏழைக்குச் சிறிதளவேனும் பச்சை இறைச்சியாகவே கொடுத்தாக வேண்டும். அறுப்பவரின் கூலியை இறைச்சியிலோ தோலிலோ கழிக்கக் கூடாது. அதைத் தனியாகக் காசாகக் கொடுக்கவேண்டும். கொழும்பு மாளிகாவத்தையின் மாடிவீட்டுப் படிகளில் பையும் கையுமாகச் சிறுவர்கள் ஏறியிறங்கும் அந்தப் பிற்பகலில் ‘பங்கு’ என்றால் இறைச்சி என்றுதான் பொருள்.

எழுதுபவர்களுக்கு ஒரு சொல். பேச்சிலும் சில அறிவித்தல்களிலும் ‘ஹஜ்ஜிப் பெருநாள்’ என்று காண்கிறோம். ‘ஹாஜி’ என்ற ஆட்பெயரின் சாயல் அதில் படிந்திருக்கலாம். அரபுச் சொல் ‘ஹஜ்’, ஜகரம் இரட்டித்தது. தமிழ் அதற்கு உகரம் சேர்த்து ‘ஹஜ்ஜு’ என்று முடிக்கும். எனவே எழுத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் என்பதே திருத்தமான வடிவம். இடையில் பகர ஒற்றையும் விடாமல் எழுதவேண்டும்.