பேச்சாலேயே ஒருவரைப் புக்காவ் செய்ய, அதாவது மயக்கி ஆட்டிவைக்க, முடியுமா?

கோலாலம்பூரில் உளவியல் சிகிச்சை அளிக்கிறேன். பதற்றத்துக்கும் நாள்பட்ட வலிக்கும் ஹிப்னாஸிஸையும் பயன்படுத்துவது உண்டு. அது தெரிந்து, ஒரே கேள்வியோடு இரண்டு சாரார் வருகிறார்கள். ஒரு சாரார் காப்புறுதி முகவர்கள், விற்பனையாளர்கள். ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் பயிற்சிக்குச் சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கட்டலாமா என்று கேட்பார்கள். பேச்சுக்குள் கட்டளையை ஒளித்து வைத்துச் சொன்னால், எதிரில் இருப்பவர் தன்னை அறியாமலே கையெழுத்துப் போடுவார் என்று அங்கே கற்றுத் தருகிறார்களாம். இன்னொரு சாரார், பணத்தைப் பறிகொடுத்தவர்கள். "போனில் பேசியே புக்காவ் பண்ணிட்டான் சார்" என்பார்கள்.

இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒருவருக்குத் தெரியாமல், அவர் விருப்பத்துக்கு மாறாக, வெறும் சொற்களால் மயக்கி ஆட்டிவைக்க முடியும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மில்டன் எரிக்சன் (1901–1980) என்ற அமெரிக்க மனநல மருத்துவர், நோயாளியிடம் நேரடியாக உத்தரவு போடாமல் கதை சொல்வார். சொல்ல வேண்டிய ஆலோசனையை அந்தப் பேச்சின் நடுவே குரலைச் சற்று மாற்றிச் சொல்வார். 1970களில் ரிச்சர்ட் பேண்ட்லர், ஜான் கிரைண்டர் இருவரும் அந்தப் பேச்சு முறையைப் படித்து, பேச்சு முறையால் மனதை மாற்றலாம் என்று சொல்லித் தாங்கள் உருவாக்கிய என்.எல்.பி. என்ற பயிற்சி முறையில் சேர்த்தார்கள். அப்புறம் அது விற்பனைப் பயிற்சி மேடைகளுக்கு வந்துவிட்டது. எரிக்சனிடம் போனவர்கள் குணமாக வேண்டும் என்று தாங்களே தேடிப் போனவர்கள் என்பதை அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 1988இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு ஒன்று, என்.எல்.பி. மற்றவர்களை வசப்படுத்த உதவும் என்ற கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. என் அறையிலும் அப்படித்தான். ஆழ்ந்த நிலையில் இருப்பவரிடம் அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால், கண்ணைத் திறந்து "வேண்டாம் சார்" என்பார்.

உளவியல் ஆய்வாளர்கள் மார்ட்டின் ஓர்ன், ஃபிரெடரிக் எவன்ஸ் இருவரும் 1965இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஹிப்னாஸிஸ் செய்யப்பட்டவர்களிடம் விஷப் பாம்பைப் பிடிக்கச் சொன்னார்கள், அமிலத்தை ஆய்வு உதவியாளர் முகத்தில் வீசச் சொன்னார்கள். பெரும்பாலோர் செய்தார்கள். அத்தோடு கதையை நிறுத்தினால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மயக்கத்தில் இருப்பதுபோல் நடிக்கச் சொல்லப்பட்டவர்களும் அதையே செய்தார்கள். ஆபத்து வராதபடி ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். ஆய்வாளர் என்ற பொறுப்பான மனிதர் மீது வைத்த நம்பிக்கை அவர்கள் கையை நீட்ட வைத்தது.

சொற்களுக்குச் சக்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர் எலன் லாங்கர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றவரிடம் "நான் நகல் எடுக்க வேண்டும், அதனால் முதலில் விடுங்கள்" என்று அர்த்தமில்லாத காரணம் சொன்னபோதும் பெரும்பாலோர் வழி விட்டார்கள். அது 5 பக்கத்துக்கு. 20 பக்கம் என்றதும் அந்த வெற்றுக் காரணம் எடுபடவில்லை. கொடுப்பது பெரிதாகும்போது மனிதர் யோசிக்கத் தொடங்குகிறார்.

அப்படியென்றால் சேமநிதிப் பணம் முழுவதையும் தூக்கிக் கொடுப்பவர் ஏன் யோசிப்பதில்லை? யோசிக்க விடுவதில்லை, அதுதான் காரணம். அதிகாரிபோல் போனில் பேசிப் பணம் பறிக்கும் மக்காவ் மோசடியில் சிக்கியவர்கள் சொல்லும் விவரங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். போலீஸ் என்றோ வருமான வரி வாரியம் என்றோ அழைப்பு வரும். உங்கள் பெயரில் போதைப்பொருள் வழக்கு இருக்கிறது, கைது ஆணை தயாராகிவிட்டது என்பான். போனை வைக்கக் கூடாது, பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களையும் பிடிப்போம் என்பான். பயம், அவசரம், தனிமை: மூன்றும் சேர்ந்தால் நல்ல படிப்பும் அனுபவமும் உள்ளவருக்கும் எதிரில் இருக்கும் குரலைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

ஓய்வுபெற்ற ஓர் அம்மா (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) வங்கிக்குப் போய்ப் பணம் அனுப்பியிருக்கிறார். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று அங்கிருந்தவர் கேட்டபோது, அழைத்தவன் சொல்லிக்கொடுத்தபடி, "தம்பி மகன் வீடு வாங்குறான்" என்று தடுமாறாமல் பதில் சொல்லியிருக்கிறார். மயக்கத்தில் இருப்பவர் செய்யும் காரியமா இது? மகனைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிய ஒரு தாய், முழு நினைவோடு, தன் புத்தியெல்லாம் திரட்டிச் செய்த காரியம் அது.

புக்காவ் என்று சொல்லிக்கொள்வது சிலருக்கு மானத்தைக் காக்கும் வழி. அதை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்குக் கவலை வேறு. அப்படி நம்பும் குடும்பங்கள் முதலில் மந்திரிக்கவும் எலுமிச்சம்பழம் சுற்றவும் போகின்றன. கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும் அந்த நேரத்தில் 997ஐ அழைக்க வேண்டும். மலேசியாவில் 2022இல் தொடங்கிய தேசிய மோசடி உதவி மையத்தின் எண் அது. வங்கிக்கும் உடனே சொல்லுங்கள், போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ இப்படி ஏமாந்து வந்தால், "இவ்வளவு படிச்சும் எப்படி?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அழைப்பு வந்த நேரம், சொன்ன பெயர், கணக்கு எண் என்று நினைவிருப்பதைக் கேட்டு எழுதுங்கள். போனில் இருக்கும் செய்திகளை அழிக்காதீர்கள். அன்றிரவு அவர்களைத் தனியே விடவும் வேண்டாம்.