கொட்டகையில் உறுமவிடும் காருக்குக் கரிதான் மிச்சம்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வாங்கிவிட்ட காரைக் கொட்டகையில் வைத்து, கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் பரவலாக உண்டு. அப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்ட இன்னொரு கார் இந்தக் கிழமையும் எமது கராச்சுக்குக் கட்டி இழுத்துவரப்பட்டது. பற்றரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் புதிதாக மாற்றப்பட்டிருந்தும், காலையில் நெடுநேரம் சுற்றிய பின்னரே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஏசியைப் போட்டதும் குலுங்கி நின்றுவிடுகிறது. பெற்றோலை எரிக்கத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றினால் நுனியில் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி; எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம்.

ஐந்து நிமிட ஓட்டம் எஞ்சினைக் காப்பாற்றுகிறது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதன் கணினி வேண்டுமென்றே கூடுதல் பெற்றோலைக் கொடுக்கிறது. சூடேறுமுன் அணைத்தால், முழுமையாக எரியாத பெற்றோல் பிளக்கில் கரியாகத் தங்குகிறது, எரியும்போது உண்டாகும் நீர் ஒயிலில் சேர்கிறது, ஸ்டார்ட் செய்யச் செலவான மின்னும் பற்றரிக்கு முழுதாகத் திரும்புவதில்லை. "அப்ப பதினைஞ்சு நிமிசம் விட்டால் காணுமோ?" என்று கேட்கிறார்கள். காணாது. தன்மேல் படிந்த கரியைத் தானே எரிக்கப் பிளக்கின் நுனிக்குச் சுமார் 450 பாகை செல்சியஸ் வேண்டும். நின்ற நிலையில் ஓடும் எஞ்சினில் அந்தச் சூடு எளிதில் வராது.

ஐட்லிங்கில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, த்ரொட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருப்பதால், காற்று அந்த விளிம்பின் சிறு இடைவெளியால்தான் போகிறது. அங்கே கரி அடைத்தால் கணினி தகட்டைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து ஒரு எல்லைவரை ஈடுசெய்கிறது. பல கார்களில் பற்றரி வயரைக் கழற்றியதும் கணினி நினைவில் வைத்திருந்த அந்த அளவு அழிந்துவிடும்; கரி அப்படியே இருப்பதால் எஞ்சின் குலுங்கி நிற்கும். பற்றரி மாற்றியதால்தான் கார் பழுதானது என்று கடைக்காரரைக் குறைசொல்பவர்கள் இதை அறிய வேண்டும்.

பெற்றோல் தாங்கியில் ஊற்றும் கரிநீக்கி மருந்து த்ரொட்டிலைத் தொடுவதேயில்லை, ஏனெனில் பெற்றோல் காற்றுடன் சேர்வது அதைத் தாண்டிய பிறகே. நேரடியாக எரியறைக்குள் பெற்றோல் பீச்சும் எஞ்சின்களில், காற்றை உள்ளே விடும் உள்வால்வுக்கும் அது எட்டாது. த்ரொட்டிலைத் துடைக்கும்போது, மோட்டாரால் திறக்கும் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், பற்சக்கரம் முறியும். துடைத்தபின் ஐட்லிங் அளவைத் திரும்பப் பதியச் சொல்லிக் கேளுங்கள். கார் தூரம் ஓடவில்லையென்று ஒயில் மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் சாரதி இருந்தால் கிழமைக்கு ஒருமுறை சாவகச்சேரி வரை ஓட்டிவாருங்கள். இல்லையென்றால், சும்மா ஸ்டார்ட் செய்யாமல், சார்ஜர் பூட்டிப் பற்றரியை மட்டும் ஏற்றி வையுங்கள்.