பாலைவனச் செடியில் சொட்டும் உப்புநீர்

அபுதாபியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விடிகாலையில் சாலையோரப் புதர் ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பார்க்கச் சவுக்கு மாதிரி இருக்கிறது. மழையே இல்லை. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. மரம் அழுகிறது, ஏதோ அதிசயம் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஒரு கிளையை ஒடித்துவந்து ராமநாதபுரத்தில் நடலாமா?"

அந்தச் செடிக்கு அரபியில் அதல் என்று பெயர். தாவரவியலில் டாமரிக்ஸ் அஃபில்லா. சவுக்குக்கு உறவில்லை. இலைகள் செதில்களாகச் சுருங்கிக் குச்சியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அப்படித் தெரிகிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக ராஜஸ்தான் வரை வளரும். வெளிர் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூக்கும்.

மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பது பள்ளியில் படித்ததுதான். அதல் கொஞ்சம் உப்பையும் உள்ளே விட்டு, நீரை இழுத்துக்கொள்கிறது. வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. ஒவ்வொரு சுரப்பியிலும் எட்டே செல்கள். அடியிலுள்ள இரண்டு செல்கள் உப்பைச் சேகரிக்க, மேலேயுள்ள ஆறும் அதை வெளியேற்றுகின்றன. இந்த ஆறைச் சுற்றி மெழுகுத்தன்மையுள்ள படலம் ஒன்று, அடியில் சிறு வழி மட்டும் விட்டு, மற்ற பக்கமெல்லாம் அடைத்திருக்கிறது. அதனால் தள்ளிய உப்பு இலைக்குள் திரும்பக் கசியாது; உச்சியிலுள்ள நுண்துளைகள் வழியாக மேலே வந்துவிடும். பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டில் வளரும் வெண்கண்டல் மரமும் உப்புச் சுரப்பிகளைக் கொண்டதுதான். அதன் இலையை நக்கிப் பார்த்தவர்களுக்கு ருசி தெரியும்.

பகலில் இந்த உப்புநீர் காய்ந்து, குச்சியெல்லாம் வெள்ளைப் படிகங்கள் ஒட்டிக்கொள்ளும். சரி, கழிவு வெளியேறிவிட்டது, அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம். எனக்குப் பிடித்த பகுதியே அதற்கு அப்புறம்தான் வருகிறது.

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஒரு எல்லையைத் தாண்டினால் உப்புப் படிகம் நீராவியை இழுத்து, அதிலேயே கரைந்துவிடும். சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை சுமார் 75 சதவீதம். ஒவ்வொரு உப்புக்கும் எல்லை வேறு. பல உப்புகள் கலந்திருந்தால், தனித்தனியாக இருப்பதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். அதலின் மேல் இருப்பது அப்படிப்பட்ட கலவை. அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்தில் மரியே அல்-ஹந்தாவி, பாஞ்சே நௌமோவ் உள்ளிட்டோர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் படிவில் சாதாரண உப்போடும் ஜிப்சத்தோடும் லித்தியம் சல்ஃபேட்டும் கொஞ்சம் இருப்பதைக் கண்டார்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதே நீரை இழுக்கும் திறன் இந்தக் கலவைக்கு உண்டு. உப்போடு இருந்த கிளையையும் கழுவிய கிளையையும் ஈரக்காற்றில் வைத்துப் பார்த்தபோது, கழுவியது பிடித்த நீர் மற்றதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வெளியே வீசிய கழிவு இரவில் தண்ணீர் பிடிக்கும் கருவியாகிவிடுகிறது!

அந்த நீரில் ஒரு பகுதி இலைக்குள் போகிறது என்பது அவர்கள் முடிவு. இங்கே கவனமாக இருக்க வேண்டும். அடர்த்தியான உப்புநீர் இலையிலிருந்து நீரை வெளியே இழுக்கத்தானே செய்யும்? நியாயமான கேள்வி. ஆனால் வளைகுடாக் கரையில் இரவு ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்கி, பனியும் இறங்கும் நாட்கள் உண்டு. அப்போது அந்தத் துளி மேலும் மேலும் நீர்த்துப்போய், இந்தத் தடையும் குறையும். எந்த நேரத்தில், எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்று அளப்பதுதான் அடுத்த வேலை என்று நினைக்கிறேன்.

இது அதிசயம்தான். ஆனால் மரம் அழுகிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனால் லித்தியம் சல்ஃபேட்டை யார் கண்டுபிடிப்பது? நௌமோவ் படிகங்களை ஆராயும் வேதியியலாளர். படிகத்தில் ஆர்வமுள்ளவர் ஒரு செடியை உற்றுப் பார்த்ததால் கிடைத்த அறிவு இது. "இதனால் என்ன லாபம்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதி விண்ணப்பங்கள் இப்படிப்பட்ட பார்வையைத் தொடக்கத்திலேயே வடிகட்டிவிடும். உவர்நிலம் இவ்வளவு இருக்கும் நம் நாட்டில், உமரி போன்ற உவர் தாவரங்களை ஆராய இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும். அதைத் தயங்காமல் சொல்வேன்.

கிளையைக் கொண்டுவர வேண்டாம். அது ஒடித்து நட்டாலே வேர்பிடிக்கும் செடி, சிக்கலே அதுதான். நிழலுக்கென்று ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன அதல், 1974 வெள்ளத்துக்குப் பிறகு ஃபிங்க் ஆற்றோரம் பல கிலோமீட்டருக்குப் பரவிவிட்டது. அது உதிர்க்கும் உப்பால் அடியிலுள்ள மண் மேலும் உவராகி, மற்ற செடிகள் தலையெடுக்க முடிவதில்லை. ராமநாதபுரத்துக்காரருக்குச் சீமைக் கருவேலத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.