மாற்றுத்திறனாளிகளின் வேலை உரிமை: விண்ணப்பம் முதல் நியமனம் வரை சட்டம் தருவது என்ன?

அரசுப் பணிக்கான அறிவிக்கைகளில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு’ என்ற வரி இப்போது பலருக்கும் பழகிவிட்டது. சட்டம் அந்த வரியோடு முடிந்துவிடுகிறது என்று விண்ணப்பதாரர்கள் மட்டுமல்ல, ஆள் தேர்வு செய்யும் அலுவலர்களில் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தேர்வு எழுத இடம் ஒதுக்கினால், அவருக்கென வைத்த ஒதுக்கீடு காகிதத்தில்தான் இருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதை உணர்ந்தே இயற்றப்பட்டது. ஆகவே இடஒதுக்கீட்டை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் உரிமைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களைச் சட்டம் தனிப் பிரிவாக வைக்கிறது. அறிவிக்கைகளில் ‘நிர்ணயிக்கப்பட்ட குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகள்’ என்று குறிப்பிடப்படுவது இவர்களைத்தான். இடஒதுக்கீடு இவர்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் பாகுபாடு காட்டப்படாமல் இருக்கும் உரிமையும், தேவையான ஏற்பாடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் 40 விழுக்காட்டை எட்டாதவர்களுக்கும் உண்டு. சான்றிதழில் 30 விழுக்காடு என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்தச் சட்டமே தமக்கானது அல்ல என்று ஒதுங்கிவிடுபவர்கள் இழப்பது சிறியதல்ல.

இனி இடஒதுக்கீட்டுக்கு வருவோம். சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, ஒவ்வோர் அரசு நிறுவனமும் ஒவ்வொரு தொகுதிப் பணியிலும் உள்ள மொத்தக் காலியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். பார்வையின்மை மற்றும் குறைபார்வை உடையோருக்கு ஒரு விழுக்காடு. காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் ஒரு விழுக்காடு. கை கால் இயக்கக் குறைபாடு உடையோருக்கு ஒரு விழுக்காடு. மூளை முடக்குவாதம், குள்ளத்தன்மை, தசைச்சிதைவு நோய் உள்ளவர்களும், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களும், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் இந்த மூன்றாவது பிரிவில் அடங்குவர். எஞ்சிய ஒரு விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையவர்களுக்கும் பொதுவானது. பழைய சட்டத்தில் இந்த நான்காவது பங்கு இல்லை. கற்றல் குறைபாடோ மனநோயோ உள்ள ஒருவர் அரசுப் பணிக்கு ஒதுக்கீட்டில் போட்டியிடலாம் என்பதே இன்னும் பல குடும்பங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. அவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த 4 விழுக்காட்டை எதன்மீது கணக்கிடுவது என்பதில் நீண்ட காலம் வழக்கு நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று கண்டறியப்பட்ட பணியிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் இடங்கள் மிகவும் குறைந்துவிடும். பழைய சட்டத்தின் கீழ் 3 விழுக்காடு இருந்தபோது, 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது: கணக்கு மொத்தக் காலியிடங்களின்மீதே போடப்பட வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களில் இதற்காக, எந்தக் காலியிடம் யாருக்கு என்று வரிசையாகக் காட்டும் 100 புள்ளிகள் கொண்ட இனச்சுழற்சிப் பதிவேடு பராமரிக்கப்படுகிறது. அதில் 1, 26, 51, 76 ஆகிய புள்ளிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை. தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை உடனே பொதுப் பிரிவினரைக் கொண்டு நிரப்பிவிட முடியாது. அது அடுத்த ஆண்டுக்குப் பின்னடைவுப் பணியிடமாகக் கொண்டுசெல்லப்பட வேண்டும். அப்போதும் ஆள் கிடைக்காவிட்டால் வேறு வகைக் குறைபாடுடையவருக்கு மாற்றித் தரப்பட வேண்டும். அதற்கும் எவரும் இல்லை என்றால்தான் மற்றவர்களுக்குப் போகும். அரசு, பணியின் தன்மையைக் கருதி, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரைக் கலந்தாலோசித்து, சில நிறுவனங்களுக்கு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம். அப்படி ஓர் அறிவிக்கை இல்லாமல் எந்த அலுவலகமும் தானாக விலகிக்கொள்ள முடியாது.

ஒதுக்கீடு உச்சவரம்பு அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வயதுத் தளர்வு, குறைந்த தகுதி மதிப்பெண் போன்ற சலுகை எதையும் பயன்படுத்தாமல் பொதுப் பட்டியலிலேயே தேர்வாகும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கீட்டு இடத்தில் கணக்கு வைக்கக் கூடாது என்று 2018 ஜனவரியில் மத்தியப் பணியாளர் துறை வெளியிட்ட ஆணை தெளிவாகக் கூறுகிறது. அவர் பொது இடத்தில் அமர்வார். ஒதுக்கீட்டு இடம் இன்னொரு மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும். மத்திய அரசுப் பணிகளில் நேரடி நியமனத்துக்கு வயது உச்சவரம்பில் 10 ஆண்டுகள் தளர்வு உண்டு. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 13 ஆண்டுகள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 15 ஆண்டுகள்.

எந்தெந்தப் பணிகள் எந்தக் குறைபாடு உடையவர்களுக்கு ஏற்றவை என்ற மத்திய அரசின் பட்டியல் 2021 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டது. அதில் 3,566 பணிகள் உள்ளன. ஒரு பணிக்கு உட்கார்தல், நிற்றல், கைவிரல்களால் கையாளுதல், பார்த்தல், கேட்டல் ஆகியவற்றில் எவையெவை தேவை என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலே முடிவானது அல்ல. பட்டியலில் இல்லாத ஒரு பதவியில் ஏற்கெனவே மாற்றுத்திறனாளி ஒருவர் பணிபுரிந்தால், அந்தப் பதவியும் ஏற்றதாகக் கண்டறியப்பட்டதாகவே கொள்ளப்படும். ‘பட்டியலில் இல்லை’ என்ற பதிலைக் கேட்டவுடன் திரும்பிவிட வேண்டியதில்லை.

சட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது இதற்கு அடுத்து வருவதைத்தான். மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையைப் பயன்படுத்துவதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவதை இச்சட்டம் ‘நியாயமான ஏற்பாடு’ என்ற கருத்தாக வரையறுக்கிறது. நிறுவனத்தின்மீது அளவுக்கு மீறிய சுமை விழும் என்றால் மட்டுமே அதை மறுக்கலாம். அரசு நிறுவனங்கள் இதைச் செய்து தர வேண்டும் என்று 20ஆவது பிரிவு கடமையாக்குகிறது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒருவர் நேர்முகத் தேர்வுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக் குழுவினர் சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால், வெளிச்சத்துக்கு எதிரே அவர்களுடைய முகம் இருண்டு தெரியும். கோப்பைப் புரட்டியபடி தலை குனிந்து கேள்வி கேட்டால் பாதிச் சொற்கள் அவருக்கு வந்து சேராது. அவர் தயங்குவதைப் பார்த்துப் பாடம் தெரியவில்லை என்று மதிப்பெண் குறைப்பார்கள். இருக்கையை மாற்றிப் போடுவதற்கும், கேள்வியை எழுதிக் காட்டுவதற்கும், சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்துவதற்கும் ஆகும் செலவு எந்த அலுவலகத்துக்கும் பெரிய சுமையல்ல. ஆனால் என்ன தேவை என்பதை விண்ணப்பிக்கும்போதோ அழைப்புக் கடிதம் வந்தவுடனோ எழுத்துமூலம் கேட்டுவிட வேண்டும். தேர்வு நாளன்று வாசலில் நின்று வாய்மொழியாகக் கேட்டதற்குப் பின்னாளில் சான்று இருக்காது.

எழுத்துத் தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவியைப் பெறுவதும் இதில் அடங்கும். மத்திய அரசின் நெறிமுறைகளின்படி, ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரப்பட வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் முழுதாக ஒரு மணி நேரம் கூடும். குடிமைப் பணித் தேர்வு எழுத முனைந்த இளைஞர் ஒருவருக்கு, எழுதும்போது விரல்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும் குறைபாடு இருந்தது. 40 விழுக்காட்டுச் சான்று இல்லை என்ற காரணத்தால் அவருக்கு எழுதுபவர் மறுக்கப்பட்டபோது, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. அத்தீர்ப்புக்குப் பின், 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு உடையவர்களுக்கும் தனி நெறிமுறைகள் 2022 ஆகஸ்டில் வெளியாயின.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவருக்கு நிறக்குருடு இருப்பதாகச் சொல்லிப் பணி மறுக்கப்பட்டது. நிறக்குருடு சட்டத்தின் 21 வகைகளில் இல்லை. ஆயினும், பொருத்தமான பிரிவில் அவரைப் பணியமர்த்துவதே நியாயமான ஏற்பாடு என்று கருதி, அவருக்குப் பணி வழங்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. 2025 மார்ச் 3 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு, பார்வையற்றவர்கள் நீதிபதியாக முடியாது என்றிருந்த மத்தியப் பிரதேச நீதித்துறைப் பணி விதியை ரத்து செய்தது. பார்வையற்ற மகன் நீதிபதியாக வேண்டும் என்று விரும்பிய ஒரு தாய், தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கிய வழக்கு அது.

வேலை கிடைத்த பின்னும் பாதுகாப்பு தொடர்கிறது. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்தப் பணியைத் தொடர இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதற்கும் இடம் இல்லையென்றால் அவருக்கெனக் கூடுதலாக உருவாக்கும் உபரிப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். குறைபாட்டை மட்டும் காட்டிப் பதவி உயர்வையும் மறுக்க முடியாது.

தனியார் துறையில் சட்டத்தின் கை இவ்வளவு நீளவில்லை என்பது வருத்தமே. அங்கே கட்டாய ஒதுக்கீடு கிடையாது. பணியாளர்களில் 5 விழுக்காடாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி முதலாளிகளுக்கு அரசு ஊக்கச் சலுகைகள் தர வேண்டும் என்பதோடு 35ஆவது பிரிவு நின்றுவிடுகிறது. இருப்பினும், தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை, எப்படித் தேர்வு செய்யப்படுவார்கள், என்னென்ன வசதிகள் உண்டு என்பதையெல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் அந்தக் கொள்கையைக் கேட்டுப் பெறுவது விண்ணப்பதாரரின் உரிமை என்றே நான் சொல்வேன்.

உரிமை மறுக்கப்பட்டால், அரசு நிறுவனம் எதுவானாலும் அதில் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். அதில் நிறைவு இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். மத்திய அரசு நிறுவனம் என்றால் தலைமை ஆணையரிடமும், மாநில அரசு நிறுவனம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. ஆனால் அவர் இறுதியில் தருவது பரிந்துரைதான். அதை ஏற்று நடவடிக்கை எடுத்த விவரத்தையோ, ஏற்காததற்கான காரணத்தையோ அந்த நிறுவனம் மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்படித் தரப்படும் காரணம் சரியில்லை என்றால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். அப்போது விண்ணப்பத்தின் நகலும், ஏற்பாடு கேட்டு எழுதிய கடிதமும், அது சேர்ந்ததற்கான ஒப்புகையும் கையில் இருக்க வேண்டும்.