எரிகோ மதிலின் வயது என்ன?

1838-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர், அரபு நன்கு தெரிந்த மிஷனரி ஈலை ஸ்மித்தோடு பாலஸ்தீனத்தைச் சுற்றினார். உள்ளூர் மக்கள் சொல்லும் பெயர்களில் பழைய எபிரேயப் பெயர்களின் சாயலைத் தேடினார். பெய்த்தீன்தான் விவிலியத்தின் பெத்தேல் என்று கண்டார். விவிலியத் தொல்லியலுக்கு இப்படித்தான் அடி எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் வழியெங்கும் நின்ற மண்மேடுகள் புதைந்த ஊர்கள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அங்கே வீடுகள் பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்டவை. இடிந்தால் யாரும் அள்ளிக் கொட்டுவதில்லை. சமப்படுத்தி அதன்மேலேயே புது வீடு கட்டுவார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஊர் மேடாகிவிடும்.

1890-இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் காசாவுக்குக் கிழக்கே உள்ள டெல் எல்-ஹெசி மேட்டுக்கு வந்தார். ஓர் ஓடை அதன் ஒரு பக்கத்தை அரித்து, அடுக்குகளை வெளிக்காட்டியிருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் பானை ஓடுகள் வேறுவேறு வகை. அவற்றில் சில, எகிப்தில் காலம் தெரிந்த பொருட்களோடு கிடைத்த வகைகள். ஆக, ஓட்டை வைத்தே அடுக்கின் காலத்தைச் சொல்லலாம். ஆறே வாரங்களில் இதைச் செய்து காட்டினார். அந்த ஊர் விவிலியத்தில் வரும் லாகீசு என்றும் சொன்னார். அது தவறு, லாகீசு வேறு மேடு. ஊர் தப்பினாலும் முறை நின்றது.

அப்புறம் பாலஸ்தீனத்தின் பழைய ஊரான எரிகோ. இஸ்ரவேலர் தலைவர் யோசுவாவின் காலத்தில் எக்காள ஒலியில் விழுந்ததாக விவிலியம் சொல்லும் மதில் கிடைத்துவிட்டது, காலம் ஏறக்குறைய கி.மு. 1400 என்று 1930-களில் அங்கே தோண்டிய தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அங்கே தோண்டிய கேத்லீன் கென்யன், குழியின் சுவரை நேராகச் செதுக்கி, அந்த வெட்டுமுகத்தில் கோடு கோடாகத் தெரியும் மண்ணைப் படித்தார். ஒரு தரை மதிலில் போய் முட்டி நின்றால், மதில் எழுந்த பிறகு போட்ட தரை அது. தரையை அறுத்துக்கொண்டு அஸ்திவாரக் குழி இறங்கினால் தரைதான் பழையது. இதைக் கவனிக்காமல் மதிலையொட்டித் தோண்டிக்கொண்டே போனால் இரண்டு காலத்து ஓடுகளும் ஒரே கூடையில் விழும். கென்யனின் கணக்கில் அந்த மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது.

இந்த முறையை அவர் கற்றது தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரிடம். 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டியவரும் இதே வீலர்தான். காலம் தெரிந்த அரிட்டைன் என்னும் இத்தாலிய மட்கல வகையின் ஓடுகளைக் கொண்டு அங்கிருந்த உள்ளூர் மட்கலங்களின் காலத்தைக் கணித்தார். பெட்ரியின் அதே தர்க்கம்.

விவிலியத்துக்கு மண்ணில் சாட்சியே இல்லை என்று அவசரப்பட வேண்டாம். 1993-இல் வட இஸ்ரேலின் டெல் தான் மேட்டில், பிற்காலச் சுவரொன்றில் செருகியிருந்த கல்லில் ‘தாவீதின் வீடு’ (விவிலியத்தின் தாவீது அரசரின் வம்சம்) என்ற அரமேய எழுத்துகள் கிடைத்தன, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது பெரும்பாலோர் கருத்து.

யோசுவா காலத்து எரிகோவை மழையும் காற்றும் அரித்துவிட்டன என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அரிப்பு உண்மைதான், கென்யனும் அதை ஏற்றார். ஆனால் இல்லாத அடுக்கு எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது. இருக்கும் அடுக்கில், கடைசியாக எரிந்த பெரிய நகரத்தின் கருகிய தானியம் கிடைத்தது. அந்த நகரம் அழிந்தது ஏறக்குறைய கி.மு. 1550 என்று கென்யன் ஓடுகளை வைத்துச் சொல்லியிருந்தார். 1990-களில் அந்தத் தானியத்தைக் கார்பன்-14 முறையில் சோதித்தபோதும் கி.மு. 16-ஆம் நூற்றாண்டை ஒட்டியே விடை வந்தது.