புதுக் கார்டு வருகிறது, வேகம் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவின் பாடாங் செராய் கடைவரிசையில் கணினிக் கடைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: “அண்ணே, இப்பவே வாங்கிடவா, இல்ல அடுத்த சீரிஸ் வர்ற வரைக்கும் பொறுக்கவா?” கேட்பவர் பெரும்பாலும் கூலிம் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகும் பையன். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம், யோசித்துத்தான் செலவு செய்வார். அவர் மனதில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, கேமின் படங்களைத் திரைக்கு வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு புதிதாக வரும். கிட்டத்தட்ட அதே விலைக்குப் பாதிக்கு மேல் கூடுதல் வேகம் கிடைக்கும்.

அந்தக் கணக்கு 2016-இல் பிறந்தது. அந்த ஆண்டு மே மாதம் வந்த, என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1080 கார்டு, முந்தைய 980-ஐவிட அறுபது சதவீதத்துக்கு மேல் வேகமாக ஓடியது. மின்சாரமோ 165 வாட்டிலிருந்து 180 வாட்டுக்குத்தான் ஏறியது. சிப்பின் அளவு 398 சதுர மில்லிமீட்டரிலிருந்து 314-ஆகச் சுருங்கியே போனது. சிறிய சிப், கூடுதல் வேகம். ஏதோ மந்திரம் போலத் தோன்றும். ஆனால் விஷயம் எளிது: ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 1.3 கோடி டிரான்சிஸ்டர்கள் (கணக்கிடும் நுண்ணிய மின் சுவிட்சுகள்) இருந்த இடத்தில் 2.3 கோடி வந்து உட்கார்ந்தன. 2012-இலிருந்து கார்டுகள் எல்லாம் 28 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலேயே தேங்கிக் கிடந்தன; இந்த எண் குறைந்தால்தான் டிரான்சிஸ்டர்கள் நெருக்கமாக உட்காரும். நடுவில் வந்த 20 நானோமீட்டர் முறை இந்த வகைச் சிப்புக்குச் சரிப்படவில்லை. நான்கு வருடம் தேங்கிய தண்ணீர் 2016-இல் ஒரே மூச்சில் மடையைத் திறந்துகொண்டது. விதிவிலக்கான அந்த ஆண்டையே நாம் வழக்கம் என்று எடுத்துக்கொண்டோம். (இந்த நானோமீட்டர் எண்கள் இன்று வெறும் பெயர்ப்பலகைதான். சிப்பில் எந்தப் பாகத்தை அளந்தாலும் அந்த எண் கிடைக்காது.)

இப்போது 2025 ஜனவரிக்கு வருவோம். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள். அதற்கு அடுத்த 5090-இல் 9,220 கோடி. எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று தோன்றும். ஆனால் பரப்பால் வகுத்துப் பாருங்கள். முன்னதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 12.5 கோடி, பின்னதில் 12.3 கோடி. அடர்த்தி ஏறவே இல்லை! இரண்டும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் ஒரே தயாரிப்பு முறையில் அச்சானவை. அப்படியானால் கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது? சிப் 608-இலிருந்து 750 சதுர மில்லிமீட்டராகப் பெருத்தது. மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 வாட்டானது. விலை 1,599 டாலரிலிருந்து 1,999 டாலரானது. நினைவகம் புது வகை என்பது உண்மைதான். ஆனாலும் வேகம் ஏறியதும் சுமார் முப்பது சதவீதம், வாட்டும் விலையும் ஏறியதும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த விலை அன்றைய மாற்று விகிதத்தில் எட்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். நம் நாட்டின் 2025-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் ஏறக்குறைய ஐந்து மாத உழைப்பு. அந்த 575 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் கேம் ஆடுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிப்பை இன்னும் பெரிதாக்கலாமே என்றால், அதற்கும் சுவர் உண்டு. ஒளியால் வேஃபரில் (சிப்புகள் அச்சாகும் சிலிக்கான் வட்டத்தகடு) வடிவம் பதிக்கும் இயந்திரம் ஒரு முறைக்கு 26-க்கு 33 மில்லிமீட்டர், அதாவது 858 சதுர மில்லிமீட்டர் வரைதான் பதிக்கும். 300 மில்லிமீட்டர் வேஃபர் ஒன்றில் 5090 அளவுள்ள சிப் எழுபது போலத்தான் தேறும். பெரிய சிப்பில் எங்காவது ஒரு குறை விழும் வாய்ப்பும் அதிகம். அதனால்தான் அந்தச் சிப்பில் உள்ள 192 கணிப்புத் தொகுதிகளில் 170-ஐ மட்டும் இயக்கி விற்கிறார்கள். ஒரு மூலை பழுதானாலும் சிப் குப்பைக்குப் போகாது. போட்டியாளரான ஏஎம்டியும் அதே டிஎஸ்எம்சி வாசலில்தான் நிற்கிறது. அதற்கும் இதே சுவர்தான்.

நம் பையன் வாங்கப்போகும் விலை குறைந்த வரிசையில் கதை தலைகீழ். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இன் சிப் 276 சதுர மில்லிமீட்டர், நினைவகம் 12 ஜிபி. 2023-இல் வந்த 4060-இன் சிப் 159 சதுர மில்லிமீட்டர், நினைவகம் 8 ஜிபி. தயாரிப்பு முறையில் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி சிப்பைச் சின்னதாக்கவே போனது. வாங்குபவர் கைக்கு வந்த கூடுதல் வேகம் ஏறக்குறைய இருபது சதவீதம். மின்சாரம் 170 வாட்டிலிருந்து 115 வாட்டுக்கு இறங்கியதை மட்டும் மனதாரப் பாராட்டலாம்.

சரி, அடர்த்தி ஏறாத வருடத்தில் ஏன் புதுக் கார்டை வெளியிட வேண்டும்? ஒரு சிப்பை வடிவமைக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், வேஃபர் ஃபேக்டரிக்குள் போய்வரவே மாதங்கள் ஆகும். தோட்டத்தில் செம்பனையை ஒரேயடியாக வெட்டி மறுநடவு செய்யமாட்டார்கள். வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவார்கள், ஆலைக்குக் குலை வருவது நிற்கக்கூடாது. சிப் நிறுவனத்திலும் பல குழுக்கள் அப்படித்தான் வெவ்வேறு கட்டத்தில் வேலை செய்கின்றன. 2025-இல் வரவேண்டிய கார்டு சில வருடம் முன்பே ‘நட்டாகிவிட்டது’. புதிய தயாரிப்பு முறை கட்டுப்படியாகும் விலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அறுவடை நடக்கும்.

புதுக் கார்டு வந்தும் அடர்த்தி ஏறாத அந்த இடைவெளியை நிரப்பத்தான் இடைச்சட்டம் வந்தது. சட்டம் என்றால் திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்று, அதாவது ஃபிரேம். கார்டு உண்மையாக வரைந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவே, ஏஐ ஊகித்து வரைந்த மூன்று சட்டங்கள் வரை 5000 வரிசையில் செருகலாம். நடுவே செருக வேண்டுமானால் இரண்டாவது உண்மைச் சட்டம் முதலில் கையில் இருக்க வேண்டும். ஆகவே அதைக் காட்டாமல் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறது கார்டு. திரை மூலையில் நொடிக்கு 120 சட்டம் என்று ஓடும், ஆனால் சுட்டியை அசைத்தால் 30 சட்டத்துக்குரிய தாமதம்தான் விரலுக்குத் தெரியும், அதற்கும் சற்றுக் கூடுதலாகவே. 549 டாலர் 5070 கார்டு 4090-க்கு இணையான செயல்திறன் தரும் என்று 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னது இந்தச் சட்டங்களையும் சேர்த்து எண்ணித்தான். கதை சொல்லும் கேமுக்கு இது நன்றாகவே உதவும். சுட்டு விளையாடும் போட்டிக்கு நான் இதை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன்.

என்விடியாவின் வரிசையில் கேம் ஆடும் நம் முறை பின்னுக்குப் போனதும் உண்மை. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 13,050 கோடி டாலர். அதில் கேமிங் சுமார் 1,135 கோடிதான். ஐந்து வருடம் முன்பு மொத்த வருமானத்தில் கேமிங் பாதி.

அதனால் கடையில் சீரிஸ் எண்ணைவிட மூன்று விஷயங்களைக் கேட்பது பலன் தரும்: எத்தனை ஜிபி, எத்தனை வாட், இடைச்சட்டம் இல்லாமல் என்ன வேகம். பழைய கணினிக்கு வாங்குகிறவர் நான்காவதாக, கார்டைச் செருகும் மதர்போர்டையும் பார்க்க வேண்டும். 4060, 5060 இரண்டும் பதினாறு தரவுத் தடங்களுக்குப் பதில் எட்டுத் தடங்களில்தான் மதர்போர்டோடு பேசுகின்றன. பிசிஐஇ 3.0 என்ற பழைய வகை இணைப்புள்ள போர்டில் அது நொடிக்கு வெறும் 8 ஜிபி. 5060-க்குள் இருக்கும் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 448 ஜிபி. கேமின் படங்கள் 8 ஜிபி நினைவகத்தில் அடங்கும் வரை இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நிரம்பி வழிந்ததும் அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் எல்லாம் வந்து போக வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் அப்போதுதான் திக்கித் திக்கி நிற்கும்.